பழங்காலத்து தர்மபுரி மலைக்கிராமம் மாதிரி ஒரு கற்பனை உலகம் எழுதுறேன், அங்க டீக்கும் ருசிக்கும் என்ன செடி வைக்கலாம்?

முதல்ல டீத்தூளையும் மிளகாயையும் தூக்கிடுங்க. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்தப்புறம்தான், அதாவது 1500க்கு அப்புறம் நம்மூருக்கு வந்துச்சு, தேயிலைத் தோட்டம் நீலகிரிக்கே 19ம் நூற்றாண்டுலதான். காரத்துக்கு மிளகு இருக்கு, ஆனா அது இந்த வறண்ட காட்டுல விளையாது, மலையாளக் கரைப் பக்கமிருந்து வியாபாரி கொண்டு வரணும், அதுவே உங்களுக்கு ஒரு கதை.

டீக்கு ஆவாரம்பூ. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரோட்டோரமெல்லாம் மஞ்சளா பூத்துக் கெடக்கும், பறிச்சு நிழல்ல காயவெச்சு கொதிக்கவிட்டா பொன்னிறமா இறங்கும், லேசா துவர்ப்பு, கொஞ்சம் கருப்பட்டி போட்டா போதும். தூதுவளை சளிக்கு, ஆனா இலைலயே முள்ளு இருக்கும், பறிக்கிற கை கீறுற மாதிரி ஒரு வரி எழுதுங்க, படிக்கிறவன் நம்பிடுவான்.

என்னோட ஃபேவரைட் மாகாளிக்கிழங்கு. பாறை இடுக்குல வேர் ஓடும், கீறினதும் வெனிலா மாதிரி கும்முனு வாசம், சிலருக்கு அது மூட்டைப்பூச்சி நாத்தம்! ஊறுகாய் போடுவாங்க. வேரைத் தோண்டினா கொடியே போயிடும்ங்கிறதால யார் தோண்டலாம்னு ஊர்ல ஒரு சட்டம் வெச்சிடுங்க, சண்டை தானா வரும். புளிப்புக்கு களாக்காய், நெல்லி.