பத்திரம் பத்திரமாக இருக்கிறதா?

பதிவுத் துறையில் 30 வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி பதிவறையில், பழைய வால்யூம்களின் தூசிக்குள் போனது. வீட்டில் காகிதங்களை எப்படிப் பாதுகாப்பது என்று வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (விருதுநகர்): சார், மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகளை லேமினேட் செய்யலாமா? கடைக்காரர் 'காலத்துக்கும் நிற்கும்' என்கிறார்.

வேண்டாம். கடையில் செய்வது சூடான லேமினேஷன். பசை காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும், அப்புறம் பிரிக்க நினைத்தால் எழுத்தோடு உரிந்து வரும். மகள் நாளைக்கு வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தால் சான்றொப்ப (அட்டெஸ்டேஷன்) முத்திரையைச் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் குத்துவார்கள். பிளாஸ்டிக் மேல் எங்கே குத்துவது? பத்திரமும் அப்படித்தான். சார்பதிவாளர் முத்திரையும் கைரேகையும் வெறும் காகிதத்தில் இருந்தால்தான் சந்தேகம் வரும்போது சரிபார்க்க முடியும்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் அப்படியே விடுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடாக்கிப் பிரிக்கலாம் என்று யாராவது வீடியோ போட்டிருப்பார்கள், கேட்காதீர்கள்.

லேமினேஷனுக்குப் பதில், ஒரு காகிதத்துக்கு ஓர் உறை. வழவழவென்று, லேசாக வாடை அடிக்கிற பிவிசி கவர் ஆகாது. சில வருடத்தில் பிரிண்டர் மை அதில் ஒட்டிக்கொண்டு, எழுத்து காகிதத்தில் பாதி, கவரில் பாதி என்று ஆகிவிடும். பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டேப்பிளர் பின், ரப்பர் பேண்ட், செல்லோ டேப் மூன்றுமே ஆகாது. பின் துருப்பிடிக்கும், ரப்பர் உருகி ஒட்டும், டேப் மஞ்சளாகக் கறை விடும்.

கேள்வி (கடலூர்): ஐயா, புயல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. 2011 தானே புயலில் பாதிக் காகிதம் போயிற்று. கிளம்பும்போது எதை எடுப்பது என்றே தெரியவில்லை.

அம்மா, உங்கள் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. போனால் திரும்பக் கிடைக்கிறதா, கிடைக்காதா? அதை மட்டும் பாருங்கள்.

ஆதார், பான், ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று எல்லாம் அரசிடம் பதிவாக இருப்பவை. அலைச்சல் உண்டு, ஆனால் கிடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் சிறப்பு முகாம் போட்டே நகல் கொடுத்தார்கள். பதிவு செய்த கிரையப் பத்திரத்துக்கும் சார்பதிவகப் புத்தகத்தில் நகல் இருக்கும்.

திரும்பக் கிடைக்காதவை வேறு. பதிவு செய்யாத உயில், அண்ணன் தம்பி சொத்தைப் பிரித்து எழுதிக்கொண்ட கூர்சீட்டு, கடனுக்கு எழுதிய புரோநோட்டு, தாத்தா காலத்துக் கிஸ்தி (நிலவரி) ரசீதுகள், கையால் எழுதிய ஜாதக நோட்டு. இவற்றுக்கு உலகத்தில் இன்னொரு பிரதி கிடையாது. ஆனால் நம் வீடுகளில் ஆதார் அட்டை பீரோ லாக்கரில் இருக்கும், கூர்சீட்டு பரண் மேல் மஞ்சள் பையில் கிடக்கும்! அதை முதலில் மாற்றுங்கள்.

பிரதி இல்லாதவையும், பத்திரங்கள், பாஸ்போர்ட் போன்ற அசல்களும் ஒரே பையில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஜிப் கவரில் போட்டு, எல்லாவற்றையும் வாய் சுருட்டி மூடுகிற தண்ணீர் புகாத பை ஒன்றில் வையுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பை பீரோவின் மேல்தட்டில், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சாவி தேடுகிற வேலையே கூடாது.

கேள்வி (தாம்பரம்): நனைந்த பத்திரத்தை வெயிலில் காய வைக்கலாமா?

கூடாது. வெயிலில் காகிதம் முறுக்கிக்கொள்ளும், மையும் வெளுக்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தோடு பிரிக்கவும் கூடாது. தானாகப் பிரிகிற தாள்களை மட்டும் நிழலில் தனித்தனியாகப் பரப்பி, மின்விசிறியை ஓட விடுங்கள். காற்று நேராகக் காகிதத்தில் அடிக்க வேண்டாம். இடையில் வெள்ளைத் துணியோ, அச்சில்லாத உறிஞ்சு தாளோ வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை பத்திரத்தில் ஏறும்.

கட்டு பெரியதாக இருக்கிறது, இரண்டு நாளில் காய வைக்க முடியாது என்றால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம். பூஞ்சை பிடிக்க 48 மணி நேரம் போதும், உறைந்த காகிதத்தில் அது வளராது. கரண்டும் ஃப்ரிட்ஜும் இருந்தால்தான் இது நடக்கும், அதுவும் உண்மை.

கேள்வி (தஞ்சாவூர்): பாச்சை உருண்டை போட்டும் கரையான் அரித்துவிட்டதே!

போட்டாலும் அரிக்கும். அந்த வாடைக்குத் துணிப்பூச்சி பயப்படும், சுவருக்குள்ளிருந்து மண்கூடு கட்டி வருகிற கரையான் பயப்படாது. என் வீட்டுச் சுவர் அலமாரியில் வருடக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்த ஒரு கோப்பு, மேலே முழுசாக இருந்தது. தூக்கினால் அடியில் வெறும் மண். ஊருக்கெல்லாம் ஆவணம் காத்தவன் வீட்டில்!

சுவரைத் தொடாமல், காலுயர்த்தி வைத்த இரும்புப் பீரோதான் சரி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் குளியலறைப் பக்கத்து அலமாரியும் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டி வையுங்கள். பச்சை வேப்பிலை போடாதீர்கள், அதன் ஈரமே கெடுதல். காய்ந்த வசம்புத் துண்டு போடலாம், சிலிக்கா ஜெல் பொட்டலமும் நல்லது.

கேள்வி (கோவை): அண்ணே, எல்லாமே டிஜிலாக்கரில் இருக்கே, காகிதம் எதுக்கு?

தம்பி, டிஜிலாக்கர் என்பது அரசு நடத்தும் ஆவணப் பெட்டி, செல்போனிலேயே திறக்கலாம். அதில் இரண்டு வகை. அரசுத் துறையே அனுப்பிய ஓட்டுநர் உரிமம், மார்க் ஷீட் போன்றவை அசலுக்குச் சமம். நீங்களே போட்டோ எடுத்து ஏற்றியது வெறும் படம்தான். கிரையப் பத்திரத்தை ஸ்கேன் செய்து ஏற்றினால் எண்ணும் தேதியும் கைக்கு வரும், அதற்காகவே ஏற்றலாம். விற்கும்போது அசலைத்தான் கேட்பார்கள்.

கேள்வி (மதுரை): அப்படியானால் அசல் பத்திரம் தொலைந்தால் கதி?

நிலம் போகாது, பயப்படாதீர்கள். எந்த சார்பதிவகத்தில் பதிந்ததோ அங்கே மனுப் போட்டால் சான்றிட்ட நகல் தருவார்கள். ஆவண எண் மறந்திருந்தால் அந்தச் சொத்தின் மேல் பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம், அதில் வந்துவிடும். ஆனால் வாங்க வருகிறவரின் பயம் வேறு. 'அசலை யாரிடமோ கொடுத்துக் கடன் வாங்கியிருப்பாரோ?' தனியாரிடம் வாய்ப்பேச்சாக அடகு வைத்தால் அது வில்லங்கத்தில் தெரியாது. அதனால்தான் போலீஸ் புகார், நாளிதழ் விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஜெராக்ஸ் எடுக்க அசலைக் கொண்டுபோய்க் கடைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் ஐந்து செட் எடுத்து வைத்துக்கொண்டால் அசல் வீட்டை விட்டு வெளியே போகிற தேவையே குறையும்.

கேள்வி (சேலம்): பேங்க் லாக்கர் இதைவிட நல்லதா?

சொத்துப் பத்திரத்துக்கு நல்லது. ஆனால் தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றுக்கு வங்கி தரும் ஈடு, ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். ரிசர்வ் வங்கி விதி அது. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கத்துக்கு வங்கி பொறுப்பில்லை.

உயிலை மட்டும் உங்கள் ஒருவர் பெயரில் உள்ள லாக்கரில் வைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு லாக்கரைத் திறப்பதற்கே வீட்டார் அலைவார்கள், உயில் உள்ளே இருக்கும். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடமே உயிலை ஒப்படைக்கச் சட்டத்தில் வழி உண்டு. பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி (ஓசூர்): வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. வங்கி பத்திரத்தை இழுத்தடிக்கிறது.

2023 டிசம்பர் 1 முதல், முழுத்தொகையும் கட்டிய 30 நாளுக்குள் அசலைத் தர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு ஈடாகத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். கையில் வாங்கும்போது, கடன் வாங்கிய அன்று கொடுத்த பட்டியலோடு ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்து. அடமானம் பதிவாகியிருந்தால் கடன் தீர்ந்தது என்று வங்கி தரும் ரத்து ரசீதையும் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வில்லங்கத்தில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): பழைய கரண்ட் பில்லை எல்லாம் தூக்கிப் போடலாமா? வீட்டில் சண்டை.

கரண்ட் பில்லில் வருடத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போடுங்கள். வீட்டு வரி ரசீதை மட்டும் ஒன்றுகூடப் போடாதீர்கள், சொத்தை நாம்தான் அனுபவித்து வருகிறோம் (அனுபவ பாத்தியம்) என்று கோர்ட்டில் நின்றால் அது பேசும். ஏடிஎம் சீட்டு மாதிரி வழவழப்பான ரசீதுகள் தானாகவே வெளுத்துவிடும். வேண்டுமென்றால் இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை, எங்கள் வீட்டிலும் அதே சண்டைதான்.