சின்ன கிளினிக்கில் கழிவைக் கலர் கலராகப் பிரிப்பது அவசியமா? கடைசியில் எல்லாம் ஒரே வண்டியில்தானே போகிறது?

புதிதாக கிளினிக் போட்டிருக்கிறீர்கள் போல. வண்டி ஒன்றுதான். ஆனால் போய் இறங்கிய பிறகு மஞ்சள் பை எரிஉலைக்குப் போகும். சிவப்புப் பையிலுள்ள டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்சு எல்லாம் ஆட்டோகிளேவ் என்கிற அழுத்த நீராவி இயந்திரத்தில் வெந்து, தூளாகி, பழைய பிளாஸ்டிக்காக வெளியே வரும். அதை விடுங்கள். வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் பையை ஒரு ஆள் தூக்குகிறார் இல்லையா?

செங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஒருநாள் விடியற்காலை ஆயம்மா மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். பாதியில் நின்று, "சிஸ்டர், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். சேலையை விலக்கிப் பார்த்தால் கெண்டைக்காலில் கடுகளவு ரத்தம். பையைத் துளைத்துக்கொண்டு ஊசி முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்த இடத்தைப் பிதுக்கப் போனார். பிதுக்கக் கூடாது என்று தடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி, எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க 28 நாள் மாத்திரை, ஆறு மாதம் வரை ரத்தப் பரிசோதனை. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மாத்திரையில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

எங்களுக்கெல்லாம் ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருந்தது, அவருக்கு இல்லை. 'அந்தம்மா டெம்பரவரிதானே' என்றது நிர்வாகம். கழிவைத் தொடுகிற எல்லோருக்கும் போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதியிலேயே இருக்கிறது.

கழற்றிய ஊசிகளைப் போடுகிற, ஊசி துளைக்காத வெள்ளை டப்பா அன்று நிரம்பி வழிந்தது. முக்கால் நிரம்பியதுமே மாற்றியிருக்க வேண்டும். அந்த ஊசியை யார் பையில் போட்டார்களோ, தெரியவில்லை. ராத்திரி டூட்டியில் இருந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

'கேரளாக்காரன் இங்கே வந்து கொட்டுறதை முதலில் கேளுங்க' என்று யாராவது கிளம்புவீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் திரும்ப அள்ளிப் போனார்கள், எனக்கும் தெரியும். எனக்கும் கோபம்தான். ஆனால் ஆயம்மாவைக் குத்திய அந்த ஊசி கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்ட் தாண்டி வந்ததில்லை.

கேரளா என்றதும் இன்னொன்று. நர்ஸ் என்று சொன்னாலே "மலையாளமா?" என்று கேட்பதை எப்போது நிறுத்துவீர்கள்? கடையநல்லூர்க்காரிங்க நான்.