செஷன்ல எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கேள்வி: வணக்கம் சார். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனிக்கு பிஹெச்பி மொழில ஆர்டர் என்ட்ரி சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருக்கேன். லாகின் ஐடி, திறந்திருக்கிற ஆர்டர் நம்பர், தேடுன ஃபில்டர் எல்லாமே செஷன்ல, அதாவது லாகின் ஆனவங்களுக்காக சர்வர் ஞாபகம் வெச்சுக்கற இடத்துல தான் வெச்சிருக்கேன். சில நேரம் ஒரு ஆர்டர்ல மாத்துன ஜோடி கணக்கு வேற ஆர்டர்ல போய் உக்காந்துடுது, நான் டெஸ்ட் பண்ணா வரவே மாட்டேங்குது. செஷன் யூஸ் பண்றதே தப்பா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: செஷன் தப்பே இல்ல தம்பி, அதுல ஆர்டர் நம்பரை வெச்சது தான் தப்பு. நீங்க ஒரே டேப்ல டெஸ்ட் பண்ணியிருப்பீங்க, ஆனா ஆபீஸ்ல இருக்கறவங்க ரெண்டு மூணு டேப் திறந்து வெச்சு தான் வேலை பாப்பாங்க. முதல் டேப்ல 412ம் ஆர்டரைத் திறக்கறாங்க, செஷன்ல 412. அப்புறம் இன்னொரு டேப்ல 415, இப்ப செஷன்ல 415. திரும்ப முதல் டேப்புக்கு வந்து 8ம் சைஸ்ல ஜோடியை மாத்தி சேவ் அடிச்சா, ஸ்க்ரீன்ல என்னவோ 412 தான் இருக்கு, ஆனா உங்க கோடு செஷனைப் பாத்து 415ல எழுதிடுது. கோயில் வாசல்ல செருப்பு விட்டா ஒரு டோக்கன் குடுப்பாங்களே, ப்ரவுசர்ல இருக்கற குக்கி, அதாவது செஷன் ஐடி எழுதின சின்ன குறிப்பு, அவ்ளோ தான், பொருள் எல்லாம் சர்வர்ல இருக்கு, எத்தனை டேப் திறந்தாலும் டோக்கன் ஒண்ணே தான்.

அதனால யார் லாகின் ஆகியிருக்காங்கன்றது செஷன்ல இருக்கட்டும், எந்த ஆர்டர்ன்றது யூஆர்எல்லயும் ஃபார்ம்ல கண்ணுக்குத் தெரியாத ஹிட்டன் ஃபீல்டாவும் போகட்டும். ஃபில்டரும் யூஆர்எல்லயே இருந்தா லிங்க்கை காப்பி பண்ணி இன்னொருத்தருக்கு அனுப்பலாம், பேக் பட்டனும் ஒழுங்கா வேலை செய்யும். ஆனா யூஆர்எல்ல இருக்கற நம்பரை யார் வேணா மாத்தி அடிக்கலாம், அதனால ஒவ்வொரு தடவையும் செஷன்ல இருக்கற ஆளுக்கு இந்த ஆர்டரைத் தொட உரிமை இருக்கான்னு சர்வர்ல பாத்துட்டு தான் சேவ் பண்ணணும், இதை மட்டும் விட்றாதீங்க.

பாதி அடிச்ச ஆர்டரையும் செஷன்ல வைக்காதீங்க. பிஹெச்பில செஷன் ஆயுள் டீஃபால்ட்டா 1440 செகண்ட், அதாவது 24 நிமிஷம். அதுக்கு மேல சும்மா கிடந்தா எப்ப வேணா அழியலாம், சாப்பிட்டு வந்து பாத்தா அடிச்சது எல்லாம் போயிருக்கும். டேட்டாபேஸ்ல டிராஃப்ட்னு ஒரு டேபிள் போட்டு சேவ் பண்ணுங்க.

இன்னொண்ணு, செஷனை ஃபைல்ல வெச்சா, ஒரு பேஜ் ஓடி முடியற வரைக்கும் மத்த பேஜ் தொட முடியாதபடி பிஹெச்பி அதை லாக் பண்ணும், பெரிய ரிப்போர்ட் ஓடுறப்ப அதே ஆளோட மத்த டேப் எல்லாம் சுத்திக்கிட்டே நிக்கும். செஷன்ல எழுத வேண்டியதை எழுதிட்டு, ரிப்போர்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த லாக்கை விடற செஷன் ரைட் குளோஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டுடுங்க. லாகின் ஆன உடனே செஷன் ஐடியையும் புதுசா மாத்திடுங்க, இல்லன்னா லாகினுக்கு முன்னாடியே அந்த ஐடியைத் தெரிஞ்சு வெச்சிருக்கறவன் உள்ள வந்துடுவான்.

கோடை அப்புறம் திருத்திக்கலாம், முதல்ல கம்பெனிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்க. மாறிப்போன ஜோடி கணக்கை நம்பி கட்டிங்ல தோலை வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது, கட்டிங்குக்கு இன்னும் போகாத ஆர்டரை எல்லாம் கையில இருக்கற ஆர்டர் பேப்பரோட வெச்சு ஒண்ணொண்ணா சரிபாக்கச் சொல்லுங்க.