வாசகர் கேள்வி: ஓசூரில் சங்கம் தொடங்க எத்தனை கையெழுத்து?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் 240 நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ள கம்பெனி. ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிவாகிவிடும் என்கிறார்கள். சரியா? – ஒரு தொழிலாளி, ஓசூர்.

பதில்: பாதிதான் சரி. விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும். ஆனால் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். உங்களுக்கு அது 24. நாற்பது ஐம்பது பேரைச் சேர்த்த பிறகு போவதே புத்திசாலித்தனம்.

கையெழுத்தையும் ஏழோடு நிறுத்தாதீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போது, கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேல் விலகினால் மனு செல்லாது. ஏழு பேரில் நான்கு பேரை 'கூப்பிட்டுப் பேசினால்' கதை முடிந்தது. நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து பேராவது போடுங்கள், எல்லா ஷிப்டிலிருந்தும்.

பொதுக்குழு கூட்டி விதிமுறைகளை நிறைவேற்றி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். சந்தா, நிதியைச் செலவிடும் வகை, ஆண்டுத் தணிக்கை, சங்கத்தைக் கலைக்கும் முறை ஆகியவை விதியில் இல்லாவிட்டால் மனு திரும்பி வரும். வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

பெயரிலும் வில்லங்கம் வரலாம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் சங்கப் பெயரில் கம்பெனி பெயர் இருப்பதை நிர்வாகம் எதிர்த்தது. வேலைநிறுத்தம், நீதிமன்றம் என்று இழுத்து, 2025 ஜனவரியில்தான் பதிவானது.