யாருக்கு வாசிக்கப் போறே?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு வயது 47. கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடுவார்கள். மற்ற பிள்ளைகள் பபூன் வந்து போனதும் பாயில் சுருண்டுவிடும். நான் மட்டும் மேடையை ஒட்டி உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டிக்காரரின் கையையே விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆசை அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது போல. போன ஆவணியில் சீட்டுப் பணம் எடுத்துப் பழைய பெட்டி ஒன்றைப் பதினாலாயிரத்துக்கு வாங்கினேன். வாரத்தில் இரண்டு நாள் கடை முடிந்ததும் ஒரு வாத்தியாரிடம் போய்க் கற்றுக்கொள்கிறேன். மூன்று மாதமாகச் சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடம்தான். இன்னும் ‘த’ சுரம் வருகிற இடத்தில் விரல் தடுக்குகிறது.

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். மகள் ரீல்ஸ் போடச் சொல்கிறாள். என் நாத்தனார்தான் போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்: “இந்த வயசுல இதைக் கத்துக்கிட்டு யாருக்கு வாசிக்கப் போறே?” எனக்குப் பதில் வரவில்லை. மேடை ஏறப் போவதில்லை. சாமி பாட்டுக்காக என்றும் சொல்ல முடியாது. வாசித்தால் சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான். மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற வருஷத்தில் வெறும் சந்தோஷத்துக்காக இப்படிச் செய்வது நியாயமா அண்ணா? கொஞ்சம் தேறியதும் ஏதாவது ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் மனசு சமாதானமாகுமோ என்று யோசிக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
மதுரை

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த இல்லத்துப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். ‘த’ தடுக்குகிற கையோடு போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தால், பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளோடு இருப்பது பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள், பெட்டி இல்லாமலும் போகலாம். ஆனால் உங்கள் சந்தோஷத்துக்கு ரசீது வாங்குவதற்காக அவர்களிடம் போகாதீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜாமீன் மனு மாதிரி இருக்கிறது.

ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிக்கிறவனிடம் யாரும் “இதனால என்ன பிரயோஜனம்” என்று கேட்பதில்லை. டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் அரசியல் பேசுகிறவனிடமும் கேட்பதில்லை (உங்கள் நாத்தனார் தன் தம்பியிடம் டிவி பார்த்து என்னத்தைச் சாதித்தாய் என்று கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை). கஷ்டப்பட்டு, மாதக்கணக்கில் விரல் வலிக்க ஒருவர் ஒன்றைச் செய்தால்தான் கேள்வி வருகிறது. இவ்வளவு பாடுபட்டால் பணமோ பேரோ வந்தாக வேண்டும் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சும்மா கிடைக்கிற சந்தோஷத்தை மன்னித்துவிடுகிறோம், உழைத்துப் பெறுகிற சந்தோஷத்துக்கு வரவு செலவு கேட்கிறோம். அதிலும் உழைக்கிறது ஒரு பொம்பளை என்றால் கேள்வி விசேஷ வீட்டில் வைத்தே வரும்.

சரி, நானும் யோக்கியன் இல்லை. என் கதையைச் சொல்கிறேன்.

எனக்கும் உங்களைப் போல நாடகப் பைத்தியம், பார்க்கிற பைத்தியம். கல்யாணமான புதிதில், செல்போன் வராத காலம், நாடக நோட்டீஸ் எங்கே ஒட்டியிருந்தாலும் ராத்திரி பஸ் பிடித்துப் போய்விடுவேன். வீட்டில் சொன்னது என்னவென்றால், “நாடகக் கலை பற்றி ஒரு கட்டுரை எழுதப்போறேன், அதுக்குத் தகவல் எடுக்கணும்.” ஒரு நோட்டும் பேனாவும் பையில் இருக்கும். ஆறேழு வருஷம் அந்த நோட்டில் பஸ் நேரம் தவிர வேறொன்றும் எழுதவில்லை.

அப்படி ஒரு ராத்திரி, பேரையூர் தாண்டி ஒரு ஊர். ஸ்பெஷல் நாடகம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் ஒரு ஊர், நாயகி வேஷத்து ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், தனித்தனியாகப் பேசி வரவழைத்திருப்பார்கள், ஒத்திகை என்று ஒன்று கிடையாது, அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் எழுதிவைத்த பாட்டுகள் எல்லோருக்கும் பாடம், அந்த நம்பிக்கையில் ஏறுவார்கள். யார் எந்தக் கட்டைச் சுருதியில் பாடுவார், யாருக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிந்து மொத்தத்தையும் இழுத்துப் பிடித்திருப்பவர் பெட்டிக்காரர்தான், பின்பாட்டும் அவர்தான். அன்றைக்கு மூன்று மணி இருக்கும். முக்கால்வாசி ஜனம் தூங்கிவிட்டது. வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் முடிந்து கொஞ்சம் இடைவெளி. பெட்டிக்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, துருத்தியை மெதுவாக, பச்சைப் பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரி போட்டுக்கொண்டு, ஏதோ ஒன்றை வாசித்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். மேடையில் யாருமில்லை, கீழே கேட்கிறவர்களும் பத்துப் பேருக்கு மேல் இல்லை.

விடிந்ததும் டீ குடிக்கிற இடத்தில் அவரைப் பிடித்து, அது என்ன பாட்டு என்று கேட்டேன். “அதுவா தம்பி? அது எனக்கு வாசிச்சது. சம்பளத்துக்கு வாசிச்சதெல்லாம் முன்னாடியே முடிஞ்சிருச்சு” என்றார்.

அந்த வார்த்தையை மனசுக்குள் உருட்டிக்கொண்டே எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, வீட்டுக்காரி தனியாக, ரிக்‌ஷா தேடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலமே உடம்பு கதகதவென்றுதான் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவள் திட்டவில்லை. “கட்டுரைக்குத் தகவல் கிடைச்சுச்சா?” என்று உண்மையாகவே கேட்டாள்.

நான் நாடகம் பார்த்து சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை வேலை என்று சொன்னேனே, அதுதான் தப்பு. வேலை என்று சொன்னதால்தான் “இன்னைக்குப் போகாதீங்க” என்று அவளால் சொல்ல முடியவில்லை. சும்மா பார்க்கப் போகிறேன், ஆசையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் தடுத்திருப்பாள், நானும் நின்றிருப்பேன். பயன் என்று ஒரு சட்டையை மாட்டிவிட்டால் சந்தோஷத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது, அப்புறம் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் தெரியாமல் போய்விடும். நீங்கள் அந்த இல்லத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு என் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் உவகை எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு சொல்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. விளையாட்டும் செல்வத்துக்குச் சமமாக அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கூடவே ‘அல்லல் நீத்த உவகை’ என்று ஒரு அடைமொழி. உரைகாரர்கள் இருக்கட்டும், நான் அதை யாருக்கும் தொல்லை இல்லாத சந்தோஷம் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது போதும். அதனால் தொல்லைக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

சீட்டு உங்கள் சீட்டு, சம்பளம் உங்கள் சம்பளம். ஃபீஸ் பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. பாக்கி இருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு முதலில் அதைக் கட்டுங்கள். வகுப்புக்குப் போகிற இரண்டு நாளும் ராத்திரிச் சாப்பாட்டை யார் பார்க்கிறார்கள்? மகள் என்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், டிவி முன்னால் இருப்பவரையும் தோசைக்கல் பக்கம் அனுப்பலாம். உங்கள் கணக்கில் எனக்குத் தெரிகிற ஒரே நிஜமான பாதிப்பு பக்கத்து வீட்டுக்காரர்தான். மூன்று மாதமாக மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையை, அதுவும் ‘த’ தடுக்குகிற சரளி வரிசையை, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கிறார். ஒன்பது மணிக்கு மேல் வாசிக்காதீர்கள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்திருக்காவிட்டால் பொங்கலுக்காவது கொடுங்கள்.

ஒரு சின்ன ஆறுதல். நீங்கள் பிடித்திருப்பதே பல பேர் ஒதுக்கி வைத்த வாத்தியம். ஐரோப்பாக்காரர்கள் காலால் மிதித்து வாசித்தது, 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் கையால் துருத்தி போடுகிற பெட்டியாக மாறி இங்கே வந்தது. ஒவ்வொரு ரீடும் தன் சுரத்திலேயே நிற்கும், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் பிடிக்காது என்று பெரிய வித்வான்கள் முகம் சுளித்தார்கள். அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்து 1971 வரைக்கும் வெளியிலேயே வைத்திருந்தது. அந்த முப்பது வருஷமும் நம் பக்கத்து ஊர்ப் பொட்டல்களில் பெட்டி ஒரு ராத்திரி கூட ஓயவில்லை. வானொலியில் சேர்த்துக்கொண்டார்களா இல்லையா என்று பேரையூர்க்காரர் யாரும் கேட்டிருக்க மாட்டார்.

‘த’ பற்றி. எனக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் இருந்து பார்த்த அறிவுதான். ஒரு கட்டைச் சுருதியில் வாசித்தால் ச வெள்ளை, ரி கறுப்பு, க ம ப மூன்றும் வெள்ளை, அப்புறம் ‘த’ திடீரென்று மேலே கறுப்பில் இருக்கிறது, உடனே நி கீழே வெள்ளை. வெள்ளையில் சுகமாக மூன்று எட்டு வைத்துவிட்டு விரல் மேலே ஏறச் சோம்பல்படுகிறது என்று நினைக்கிறேன். கையை ஆரம்பத்திலேயே கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துப் பாருங்கள், வாத்தியாரிடம் கேட்டுவிட்டு.

நாத்தனார் திரும்பக் கேட்டால் “எனக்குத்தான் மதினி” என்று சொல்லுங்கள். ரீல்ஸ் விஷயத்தை மகளிடம் ‘த’ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் இன்னும் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் போடுகிறார்களா? தேதி தெரிந்தால் எழுதுங்கள். எந்த பஸ் என்றும் சொல்லுங்கள். இந்த முறை வீட்டில் சும்மா பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன், அவளும் வருகிறேன் என்றால் இரண்டு பேருக்கு மேடை ஓரமாக இடம் பிடித்து வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்