வீட்டுக்கும் ரேஸ் டிராக்குக்கும் ஒரே கார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரிஜினல் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, நாலு இடத்தில் பொருத்தும் ரேஸ் பெல்ட்டான நாலு பாயின்ட் ஹார்னஸ் மாட்டலாமா? கார் உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயான ரோல் பார் போடும் எண்ணமில்லை.

அப்படியானால் ஹார்னஸும் வேண்டாம். கார் உருண்டு கூரை அமுங்கினால், ஒரிஜினல் மூன்று பாயின்ட் பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாயக் கொஞ்சமாவது இடமிருக்கும். ஹார்னஸ் ஆளை நிமிர்த்திக் கட்டிவிடுவதால், இறங்கும் கூரையைத் தலையும் கழுத்தும்தான் வாங்கும். நாலு பாயின்ட்டில் இன்னொரு வினையும் உண்டு. தோள் பட்டையை இறுக்க இறுக்க, இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மோதும்போது இடுப்பு அதன் அடியில் நழுவ, அடி முழுக்க வயிற்றுக்குள் இறங்கும்.

தொடைகளுக்கு நடுவே பட்டை வரும் ஆறு பாயின்ட் ஹார்னஸ், பட்டை நுழையத் துளையுள்ள பக்கெட் சீட், ரோல் பார், ஹெல்மெட்டோடு கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் எல்லாம் சேர்ந்துதான் ஒரு செட். தோள் பட்டை தோளிலிருந்து கிட்டத்தட்ட கிடையாகப் பின்னால் போகவேண்டும். 20 டிகிரி வரை இறங்கலாம். பின் சீட் தரையில் போல்ட் போட்டுச் செங்குத்தாக இழுத்தால் மோதலில் முதுகெலும்பு நசுங்கும். முழு செட்டுக்கு வழியில்லையென்றால் ஒரிஜினல் பெல்ட்டே பாதுகாப்பு.

கேள்வி: உள்ளே சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு, அதாவது முழு ரோல் கேஜ், போட்ட காரில் தினமும் ஆபீஸ் போகலாமா?

கூடாது. ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால் சிறு மோதலே போதும், மண்டை உடையும். அதற்கென்று விற்கும் கெட்டி ஃபோம் சுற்றினாலும், அது ஹெல்மெட் போட்ட தலையை நினைத்துச் செய்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்கும் அரை கேஜ் பரவாயில்லை. ஆனால் பின் சீட்டில் அதன்பின் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

கேள்வி: நாலைந்து சுற்றிலேயே பிரேக் போய்விடுகிறது. பெரிய டிஸ்க் வாங்கட்டுமா?

முதலில் பெடலைக் கவனியுங்கள். பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லையென்றால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பொதபொதவென்று தரைக்குப் போனால் பிரேக் ஃப்ளூயிட் கொதித்துக் குமிழி கட்டியிருக்கிறது. பெரிய டிஸ்க்குக்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்.

டாட் 4 ரக பிரேக் ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. நாளாக ஆக ஈரத்தை இழுத்து 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். பழைய ஃப்ளூயிட் டிராக்கில் கைவிடுவது இதனால்தான். ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்னால் முழுக்க மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் ஃப்ளூயிடில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பெயரைப் பார்த்து டாட் 5 ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றதோடு சேராது.

பேட் விஷயத்தில் ஒரே செட்டை வைத்து இரண்டையும் சமாளிக்க நினைக்காதீர்கள். ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் முதல் சிக்னலில் வழுக்கும். டிராக்கில் மாற்றிக்கொள்ள இரண்டு செட் வைத்திருங்கள். ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்டான காயிலோவர் மாட்டியதிலிருந்து சின்னக் குழிக்கும் முதுகு வலிக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றணுமா?

பெரும்பாலும் ஸ்பிரிங் காரணமில்லை. காரை அளவுக்கு மீறி இறக்கினால் சஸ்பென்ஷன் அசைவின் எல்லையில் உள்ள கட்டையான பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். அந்த இடிதான் முதுகில் தெரிகிறது. 10 முதல் 15 மி.மீ. உயர்த்திப் பாருங்கள். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை ரொம்ப மென்மையான இடத்துக்குத் திருப்பி, அங்கிருந்து இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றி, ரோட்டுக்கும் டிராக்குக்கும் தனித்தனி எண்ணைக் குறித்துவையுங்கள். சக்கரத்தின் மேல்புறம் உள்ளே சாயும் மைனஸ் 2 டிகிரி கேம்பருக்குப் பயப்படவேண்டாம், டயரை அரிப்பது பெரும்பாலும் டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

கேள்வி: பைக் ஹெல்மெட் போதுமா?

போதாது. ஹெல்மெட்டுக்குத் தரச்சான்று தரும் ஸ்னெல் அமைப்பின், கார் ரேஸுக்கான எஸ்ஏ ரகத்தில் தீயைத் தாங்கும் சோதனையும் ரோல் பாரில் மோதும் சோதனையும் உண்டு. பைக்குக்கான எம் ரகத்தில் இரண்டும் கிடையாது.