மான்செஸ்டர் மழையில் நெடுந்தூரம் போக என்ன பைக்?

தம்பி, கோவையிலிருந்து மான்செஸ்டருக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, வார இறுதியில் ஸ்காட்லாந்து வரை பைக்கில் போக ஆசை என்று எழுதியிருந்தீர்கள். எப்போதும் மழையாக இருக்கிறதே, ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 போதுமா, இல்லை கடன் போட்டு ஆயிரம் சிசி வண்டி எடுத்துவிடலாமா என்பது கேள்வி. கூடவே இன்சூரன்ஸ், வண்டி நிறுத்த இடம், எந்தப் பகுதியில் வீடு என்றும் கேட்டிருந்தீர்கள். இன்சூரன்ஸுக்கு விலை ஒப்பிடும் தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வீட்டைப் பற்றி உங்கள் ஆபீஸிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். நான் மழையைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸை வைத்து, இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் அது செல்லாது. ஆஸ்திரேலியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் போல நேராக மாற்றிக்கொள்ள நமக்கு வழியில்லை. ப்ரொவிஷனல் என்ற பழகுநர் லைசென்ஸ் எடுத்து, சிபிடி என்ற அடிப்படைப் பயிற்சி முடித்து, தியரி தேர்வு, மாட் 1, மாட் 2 என்ற இரண்டு ஓட்டுத் தேர்வுகள் என்று எல்லாவற்றையும் புதிதாகத் தாண்ட வேண்டும். 24 வயது ஆகியிருந்தால் நேரே பெரிய வண்டிக்குப் போகலாம். அதற்குக் கீழே, 19 ஆகியிருந்தால் ஏ2 வகை லைசென்ஸ், அதாவது 35 கிலோவாட் வரைதான். ‘அதெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள், நான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன்’ என்று சொல்கிற நம் ஆட்களை நிச்சயம் சந்திப்பீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். செல்லாத லைசென்ஸோடு பிடிபட்டால் இன்சூரன்ஸும் இல்லாத கணக்குதான். வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளியாவது ஏறும், அப்புறம் வருடக்கணக்கில் எந்தக் கம்பெனியும் நியாயமான விலைக்கு இன்சூரன்ஸ் தராது. விசாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

சரி, மழை. ஒரு வருடத்தில் சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. மான்செஸ்டரில் 900கூட எட்டாது. ஆனால் சென்னையில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே மழை சுமார் 150 நாளுக்குப் பரவி, மெல்லிசாக, விடாமல் விழும். அதிலும் குளிர்காலத்தில் ஆறு ஏழு டிகிரிக் குளிரில். வால்பாறை ரோட்டில் ஜூன் மாதம் நனைந்து ஓட்டியிருப்பீர்கள், வீட்டுக்கு வந்து துவட்டிக்கொண்டு ஒரு டீ குடித்தால் முடிந்தது. இங்கே மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில், நனைந்த கையுறையோடு ஒரு மணி நேரம் போனால் விரல்கள் மரத்துவிடும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. நெடுந்தூர மழைப் பயணத்தில் ஆபத்து தொடங்குவது அங்கேதான். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது காற்றும் தண்ணீரும் உங்கள் மேல் எவ்வளவு அடிக்கிறது என்பதை. சிசி அதற்குப் பிறகு.

ஹிமாலயன் 450 நல்ல வண்டி, நம் ஊரில் செய்த வண்டி என்று எனக்கும் பெருமைதான். 40 குதிரைசக்தி, ஏ2 லைசென்ஸுக்கும் பொருந்தும், ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியின் ஒற்றைப் பாதைகளுக்குத் தோதான வண்டி. ஆனால் அங்கே போய்ச் சேர எம்6 மோட்டார்வேயில் இரண்டு மூன்று மணி நேரம் லாரிகள் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீருக்குள் போக வேண்டும். அங்கே வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி உங்களைக் காப்பாற்றாது. வழியில் ஷாப் என்ற ஊர்ப் பக்கம் ரோடு 300 மீட்டருக்கு மேல் ஏறும், பக்கக்காற்று வண்டியைத் தள்ளும்.

இந்த நாட்டில் இரவு பகல் பார்க்காமல் மழையில் ஓட்டுகிறவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். போலீஸ்காரர்கள், ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் பிளட் பைக் தொண்டர்கள். பெரும்பாலும் ஃபேரிங், அதாவது காற்றையும் தண்ணீரையும் தடுக்கும் முன்பக்க உறை உள்ள, செயினுக்குப் பதில் மூடிய தண்டால் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ் வண்டிகள்தான்: பிஎம்டபிள்யூ ஆர்டி, யமஹா எஃப்ஜேஆர், ஹோண்டா பான் யூரோப்பியன். ஷாஃப்டின் அருமை குளிர்காலத்தில் தெரியும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் செயினைத் தின்றுவிடும். செயின் வண்டி எடுத்தால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பச்சைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போடுகிற பொறுமை வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டுக்குப் பழைய ஹோண்டா டியூவில் 700ஐத் தேடுங்கள். பார்க்க அழகில்லை, யாரும் நின்று போட்டோ எடுக்கமாட்டார்கள். ஆனால் ஷாஃப்ட், ஃபேரிங், வண்டியோடு சேர்ந்த பெட்டிகள் எல்லாம் உண்டு. ஏபிஎஸ் உள்ளதாகப் பார்த்து எடுங்கள், எல்லா டியூவிலிலும் அது கிடையாது. பழைய வண்டியில் ஏபிஎஸ் இல்லை என்றால், எது என்றாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். டியூவில் கிடைக்காவிட்டால் சுசுகி வி-ஸ்ட்ராம் 650. 20 லிட்டர் டேங்க், உழைக்கிற என்ஜின், கண்ணாடியை மட்டும் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் குனிந்து எக்ஸாஸ்ட் போல்ட், ஸ்டாண்டின் ஸ்பிரிங், ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் ஆகியவற்றில் துருவைத் தேடுங்கள். நண்பர் ஒருவருக்காக ஒரு கடையில் ‘ஒரே ஓனர், கோடையில் மட்டும் ஓட்டியது’ என்று சத்தியம் செய்த வண்டியை நான் படுத்துப் பார்த்தேன், பிரேக் பைப்பின் இணைப்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.

டயரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர் ஆழம். மழைக்கு அது போதவே போதாது. மிஷெலின் ரோடு, மெட்ஸலர் ரோட்டெக் மாதிரி சிலிகா கலந்த டூரிங் டயர்கள் குளிர்ந்த ஈர ரோட்டிலும் பிடிக்கும். எந்த டயர் போட்டாலும் வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, விரிசலை அடைத்த தார்ப் பட்டை, ரவுண்டபவுட்டில் சிந்திய டீசல் இவற்றின் மேல் சாய்ந்தபடி போகக்கூடாது. முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நாலு விநாடி இடைவெளி வேண்டும்.

வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை உடைக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் புகாத கோர்டெக்ஸ் படலம் வெளித்துணியோடு ஒட்டியிருக்கும் லாமினேட் ஜாக்கெட்டும் பேன்ட்டும் வாங்குங்கள். உள்ளே தனியாகத் தொங்கும் லைனர் ரகத்தில் வெளித்துணி தண்ணீரை உறிஞ்சிக் கனத்து, காற்றில் உங்களைக் குளிரவைத்துவிடும். ஹெல்மெட் கண்ணாடியின் உள்ளே ஒட்டும் பின்லாக் என்ற பனித்தடுப்புத் தகடு கட்டாயம், இல்லாவிட்டால் உங்கள் மூச்சே கண்ணாடியை மறைக்கும். ஹீட்டட் கிரிப்ஸ், அப்புறம் காய்ந்த கையுறை இன்னொரு ஜோடி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். நான் வந்து இறங்கியது ஒரு நவம்பரில். ஷெஃபீல்டில் ஓர் அறை, மலைக்கு அந்தப் பக்கம் கிளாசப்பில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. எல் பலகை மாட்டிய பழைய 125இல் ஸ்னேக் பாஸ் வழியாகப் போவேன். உச்சி 500 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் வெறும் மேட்டுநிலம், விளக்கே இருக்காது. காலையில் அறைக்கு வந்தால் ஈர ஜாக்கெட்டை நடையில் காயப்போட வீட்டுக்காரர் விடமாட்டார், ஹீட்டரும் ராத்திரி ஒரு மணி நேரம்தான். அவரும் நம் ஊர்க்காரர்தான். அந்த வயிற்றெரிச்சலில்தான் இன்றைக்கும் என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன்களுக்குத் துணி காயவைக்கத் தனி இடம் கொடுத்திருக்கிறேன். கிடங்கில் கூட வேலை பார்த்த அந்தப் பெரியவர் ஒருகாலத்தில் லண்டனில் டெஸ்பாட்ச் ரைடர், அதாவது பைக்கில் தபால் பொட்டலம் கொண்டுபோகிறவர், அவரிடம் இருந்ததும் ஒரு டியூவில். என் விரல்களின் நிறத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் கம்பளி உள்கையுறையும் மேலே போடும் ரப்பர் உறையும் கொண்டுவந்தார். கை முதலில் போகும், பிறகு கண், பிறகு புத்தி என்பார். பணம் வாங்கவில்லை.

இன்றைக்கு நம் சங்கக் கூட்டங்களில் பைக் பேச்சு வந்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வந்த முதல் வருடமே ஆயிரம் சிசியைத் தவணையில் எடுத்து, ஜூலையில் நாலு படம் போட்டு, அக்டோபரில் உறை போட்டு மூடிவிடுகிறார்கள். ‘இந்த நாட்டில் பைக் ஓட்ட முடியாது’ என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதும் அவர்கள்தான். முடியும் தம்பி. ஸ்காட்லாந்தின் ராணக் மூர் மேட்டுநிலம் மழையில்தான் முழு அழகாக இருக்கும், கிளென்கோ மலைகளில் புதுப்புது அருவிகள் இறங்கும். நான் வருடம் முழுக்க ஓட்டுகிறேன், இரண்டு குளிர்காலம் பிளட் பைக்கிலும் ஓட்டினேன்.

மாட் 1இல் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்திக் காட்ட வேண்டும். வகுப்புக்கு மழை நாள் கிடைத்தால் தள்ளிப்போடாமல் போங்கள், ஈர ரோட்டில் நிறுத்தப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு போலீஸ் நடத்தும் பைக்சேஃப் பயிற்சிக்கும் பெயர் கொடுங்கள். வண்டி பார்க்கப் போகும்போது எனக்கு ஒரு செய்தி போடுங்கள். ஞாயிறு என்றால் நானும் வருகிறேன், அடியில் படுத்துப் பார்க்க ஒரு பழைய பாயும் டார்ச்சும் என்னிடம் இருக்கின்றன.